கற்பனைச் சோழப் பிரபு: படை ஆலோசனையும் தூதும் ஒரே ஆள் செய்திருக்க முடியுமா?

கேள்வி: பிப்ரவரி 8

10ஆம் நூற்றாண்டுச் சோழநாட்டை வைத்து நாவல் எழுதுகிறேன். நாயகன் முழுக்கக் கற்பனை. கொடும்பாளூரார் போன்ற ஒரு வேளிர் (குறுநிலத் தலைவர்) குடியில் பிறந்தவன். சோழ அரசன் முதலாம் பராந்தகனின் தூதனாக ஈழம் போகிறான். இராட்டிரகூடரோடு நடந்த தக்கோலப் போரில் இளவரசர் இராஜாதித்தன் பக்கத்தில் ஆலோசகனாக நிற்கிறான். தோல்விக்குப் பிறகு அவனை என்ன செய்வதென்று தெரியவில்லை. வரைவைப் படித்தவர் ஒருவர், "தூதன் வேறு, படைக்காரன் வேறு, ஒரே ஆளுக்கு இரண்டையும் கொடுத்தால் நம்ப முடியாது" என்கிறார். அவர் சொல்வது சரியா?

பிப்ரவரி 8, இரவு

சரியில்லை. வெளியுறவுக்கு ஒரு துறை, படைக்கு ஒரு துறை என்பது இன்றைய கணக்கு. அன்று அரசனுக்கு வேண்டியவன், குடிப்பெருமை உள்ளவன், சொந்த ஆள்படை வைத்திருப்பவன் எவனோ அவனிடமே எல்லா வேலையும் போகும். முதலாம் இராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமனான மும்முடிசோழ பிரமமாராயனைப் பாருங்கள். படை நடத்தியவர்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையையும் எடுப்பித்தார்.

நீங்கள் தீர்மானிக்க வேண்டியது பதவி எத்தனை என்பதை அல்ல. அவன் வாய்க்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கப்பட்டது என்பதை. தூதர்களில் தானே வகுத்துப் பேசுபவன், சொன்னதை மட்டும் சொல்பவன், ஓலையைக் கொடுத்துவிட்டு நிற்பவன் என மூன்று தரம் உண்டு. பழைய அரசியல் நூலான அர்த்தசாஸ்திரம் இதற்கு அளவே வைத்திருக்கிறது: முதல் ஆளுக்கு அமைச்சனுக்குரிய எல்லாக் குணமும் வேண்டும், இரண்டாமவனுக்கு அதில் கால் பங்கு குறையலாம், மூன்றாமவனுக்கு அரைப் பங்கு குறையலாம். குறளின் தூது அதிகாரத்துக்கு (69ஆவது) உரை எழுதிய பரிமேலழகரும் இந்தக் கால் பங்குக் கணக்கைச் சொல்லித்தான் அது ஏன் அமைச்சியலில் வைக்கப்பட்டது என்று விளக்குகிறார்.

உங்கள் நாயகன் எந்தத் தரம்? அதைச் சொன்னால் மேலே பேசலாம்.

பிப்ரவரி 9

முதல் தரம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். முதல் தரத்தானுக்கு ஈழத்து அரசவையில் சிக்கலே வராது. வாய்க்கு வந்த உடன்பாட்டைச் செய்துகொண்டு திரும்பிவிடுவான். இரண்டாம் தரமாக வையுங்கள். அறிவு முதல் தரத்துக்கு உண்டு, அதிகாரம் இரண்டாம் தரத்துக்குத்தான் உண்டு என்றால் அவன் வாய் திறக்கும் ஒவ்வொரு இடமும் காட்சியாகும்.

பிப்ரவரி 9, பிற்பகல்

ஈழத் தூதின் சாரம் பற்றி. பாண்டியன் இராஜசிம்மன் பராந்தகனிடம் தோற்று ஈழம் போனான். எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை. முடியையும் மற்ற அரச சின்னங்களையும் அங்கேயே வைத்துவிட்டுச் சேரநாட்டுக்குப் போய்விட்டான். பராந்தகன் கையில் மதுரை இருந்தது, அந்த முடி இல்லை. பாண்டிநாட்டு அரசனாக முடிசூட அது வேண்டும். அதனால்தான் ஆள் அனுப்பிக் கேட்டான். கேட்ட காலத்தில் ஈழத்தை ஆண்ட உதயன் குடியிலும் சோம்பலிலும் கிடந்தவன் என்று இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. ஆனாலும் கொடுக்க மறுத்தான். சோழப்படை போனபோது முடியோடு ஈழத்தின் தென்பகுதியான உரோகணத்துக்கு ஓடினான். முடி கைக்கு வந்தது இராஜேந்திரன் காலத்தில், ஏறத்தாழ 70 ஆண்டு கழித்து.

ஆகவே உங்கள் நாயகனின் தூது தோற்க வேண்டும். வரைவில் முடியோடு திரும்புகிறான் என்று இருப்பதை எடுத்துவிடுங்கள். விவரம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

பிப்ரவரி 10

தூதுக் காட்சியின் நடைமுறை. அர்த்தசாஸ்திரம் தூதனுக்குச் சொல்வதில் நேரடியாகப் பயன்படுபவை இவை.

போகும் வழியில் காட்டுத்தலைவர்கள், எல்லைக் காவலர், ஊர்த்தலைவர்கள் ஆகியோரோடு பழகிக்கொண்டு போக வேண்டும். திரும்பும்போது அவர்கள்தான் வழிவிட வேண்டும். கோட்டை எங்கே பலம், எங்கே ஓட்டை, படை நிறுத்தும் இடம், போரிடும் இடம், பின்வாங்கும் இடம் எல்லாவற்றையும் கண்ணால் அளந்துகொள்ள வேண்டும். உங்கள் நாயகனின் இரண்டு தொழிலும் ஒன்றாகும் புள்ளி இதுதான். படைக்கண் உள்ளவனைத் தூது அனுப்புவது வீண் செலவே அல்ல.

அனுமதி கிடைத்தபின்தான் நகருக்குள் நுழைய வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தாலும் செய்தியைச் சொன்னபடியே சொல்ல வேண்டும். குறள் 690 சொல்வதும் இதையே. விடை கொடுக்கும்வரை கிளம்பக்கூடாது. எவ்வளவு உபசரித்தாலும் தலை கனக்கக்கூடாது. பெண்ணும் மதுவும் கூடாது. தனியாகப் படுக்க வேண்டும். தூக்கத்திலும் போதையிலும் மனதில் உள்ளது வாயில் வந்துவிடும் என்பது அதற்குக் காரணம்.

கடைசி இரண்டையும் குடிகார உதயன் அவையோடு சேர்த்துப் பாருங்கள். அரசன் தன் கையால் கிண்ணத்தை நீட்டுகிறான். வாங்கினால் தொழில் விதி போச்சு. மறுத்தால் அவமதிப்பு. உங்கள் வரைவில் இருக்கும் இரண்டு வாள்சண்டையும் இதற்கு ஈடாகாது.

பிப்ரவரி 10, இரவு

ஒன்று விட்டுப்போனது. வரைவில் நாயகன் உதயனைப் பார்த்து "சோம்பேறி" என்று கத்துகிறான். குறள் 689 தடுப்பது இதைத்தான்: அரசன் சொல்லிவிட்டதைச் சொல்பவன் இழிசொல் வாய்தவறியும் வராத உறுதியுள்ளவனாக இருக்க வேண்டும். மிரட்டலாம், ஆனால் மிரட்டல் அரசனுடையதாக, ஓலையில் உள்ள சொல்லாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 12

*"ஆணை எப்படிக் கைக்கு வரும்? ராஜா நேரடியாகச் சொல்லி அனுப்பக்கூடாதா?"*

சொல்வார். சொன்னபின்தான் வேலை தொடங்குகிறது. அரசன் வாய்மொழிந்தது 'திருவாய்க்கேள்வி'. அதைக் கேட்டு எழுதுபவன் 'திருமந்திர ஓலை'. சரிபார்த்து ஒப்பமிடுபவன் 'திருமந்திர ஓலை நாயகம்'. நிலம் சம்பந்தப்பட்ட ஆணை என்றால் வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று அலுவலர்களின் நீண்ட வரிசை. எல்லாம் முடிந்து நாட்டாரிடம் (நாட்டுச் சபையார்) திருமுகம், அதாவது அரசனின் ஆணை ஓலை, போனால், அவர்கள் எதிர்கொண்டு தொழுது வாங்கித் தலைமேல் வைத்து, பெண்யானையை நிலத்தின் எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை (கொடைப் பத்திரம்) செய்து கொடுப்பார்கள்.

இந்த வரிசை முழுமையாகத் தெரிவது இராஜராஜன், இராஜேந்திரன் காலத்து ஆவணங்களில். பராந்தகன் காலத்துக்கு இத்தனை படி வைக்காதீர்கள். கேட்பவன், எழுதுபவன், ஒப்பமிடுபவன் மூவர் போதும். கேட்பவன் ஒரு சொல்லைத் தவறவிட்டால் தூதனின் அதிகாரம் அங்கேயே குறைந்துவிடும். அது கதைக்கு நல்ல முடிச்சு.

பிப்ரவரி 13

பெயர். "வீரேந்திர பூபதி" சோழநாட்டு ஆளின் பெயர் போலவே இல்லை. அமைப்பு இப்படி இருக்கும்: நாடு, ஊர், தந்தை பெயர், தன் பெயர், பிறகு 'ஆன' என்று போட்டுப் பட்டம். 'பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான்' தஞ்சைக் கோயில் ஸ்ரீகாரியம் (நிர்வாகம்) பார்த்தவர். ஆதித்தன் தந்தை, சூரியன் மகன். கிருஷ்ணன் ராமனும் அப்படியே, கிருஷ்ணனின் மகன் ராமன். இரண்டையும் ஒரே ஆளின் பெயராக எடுத்துக்கொண்டு வசனத்தில் "கிருஷ்ணா!" என்று கூப்பிட வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிக் கூப்பிட்டால் அவன் அப்பாவைக் கூப்பிட்டதாகும்.

பட்டம் குலத்தைக் காட்டும். வேளாண் அதிகாரிகளுக்கு மூவேந்தவேளான், பிராமணருக்கு பிரமராயன் அல்லது பிரமாதிராஜன். கொடும்பாளூர் வேளிர் குடிக்கு 'இருக்குவேள்', அதோடு சோழர் தந்த 'செம்பியன்' சேர்ந்து 'செம்பியன் இருக்குவேள்'. உங்கள் நாயகனுக்கு இந்த வகைதான் பொருந்தும். மூவேந்தவேளான் மிகப் பரவலாவது இராஜராஜன் காலத்திலிருந்து.

பிப்ரவரி 15

அவன் எதில் வாழ்கிறான்? இதை யாரும் எழுதுவதில்லை. ஒரு பிரபுவின் உலகமே நெல்தான்.

சுந்தர சோழனின் அமைச்சர் அநிருத்த பிரமாதிராஜருக்கு அன்பில் செப்பேடு தருவது 10 வேலி (வேலி ஒரு நில அளவு) நிலம். 1006இல் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜன் கொடுத்த ஆனைமங்கலத்தில் 97 வேலிக்குச் சற்று மேல் நிலம், அதற்கு 8,943 கலத்துக்குச் சற்று மேல் நெல். வேலிக்கு ஏறத்தாழ 92 கலம். அப்படியானால் 10 வேலி உள்ளவனுக்கு ஆண்டுக்கு 920 கலம் வரும். ஒரு கலம் 12 குறுணி, ஒரு குறுணி 8 நாழி, ஆகக் கலத்துக்கு 96 நாழி.

ஒப்பிட இன்னொரு கணக்கு: தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல்மகளிர்) 400 பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம். அமைச்சருக்கு ஆடல்மகளைப்போல் ஒன்பது மடங்குதான்.

பிப்ரவரி 16

நேற்றைய கணக்கில் பிழை. திருத்துகிறேன்.

ஆனைமங்கலத்தின் 8,943 கலம் மொத்த விளைச்சல் அல்ல, காணிக்கடன். அரசுக்குச் சேர வேண்டிய பங்கு. வரி நீக்கிய நிலத்தைச் சொந்தமாகவே பெற்றவனுக்கு அந்தப் பங்கோடு உடைமையாளனின் பங்கும் சேரும். ஆகவே 920 கலம் என்பது கீழ்வரம்பு. வரி வருமானத்தை மட்டும் ஜீவிதமாகப் பெற்றவனுக்குத்தான் அது முழுக்கணக்கு. உங்கள் நாயகன் எந்த வகை என்று முதலில் தீர்மானியுங்கள். ஜீவிதம் வேலையோடு போய்விடும். குடிக்காணி, அதாவது பரம்பரை உரிமை நிலம், மகனுக்கு வரும். தூது தோற்றுத் திரும்பும் ஒருவனுக்கு இந்த வேறுபாடுதான் ராத்தூக்கத்தைக் கெடுக்கும்.

'ஒன்பது மடங்குதான்' என்றதையும் விட்டுவிடுங்கள். ஒன்று பத்தாம் நூற்றாண்டு நிலக்கொடை, மற்றது பதினொன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கோயில் ஊதியம்.

பிப்ரவரி 18

தக்கோலம், 949. எதிரி இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன், தமிழ்க் கல்வெட்டுகளில் கன்னரதேவன். இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்தான், அதனால் 'ஆனைமேற்றுஞ்சின' என்ற அடைமொழி. கன்னரதேவன் பக்கத்தில் நின்ற கங்க அரசன் பூதுகன் கொன்றான் என்று ஆதக்கூர் கல்வெட்டு சொல்கிறது. சோழர் தரப்பில் லெய்டன் செப்பேடு (மேலே சொன்ன ஆனைமங்கலக் கொடையின் ஆவணம்), யானைமேல் இருந்தவனை அம்பு துளைத்தது என்கிறது.

ஆலோசகன் அந்தக் காலையில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? யானைமேல் ஏறாதே என்று சொல்ல முடியாது. தலைவன் தெரிந்தால்தான் படை நிற்கும். தெரிந்தால் அம்புக்கும் தெரிவான். இது சோழர் கடைசிவரை தீர்க்காத சிக்கல். 1054இல் சாளுக்கியரோடு நடந்த கொப்பம் போரிலும் சோழ அரசன் இராஜாதிராஜன் யானைமேல்தான் மாண்டான். அங்கே தம்பி இராஜேந்திரன் உடனே தலைமை ஏற்று, களத்திலேயே முடிசூடி, கலைந்த படையைத் திருப்பி வென்றான். தக்கோலத்தில் அப்படி அடுத்த ஆள் நிற்கவில்லை. தலைவன் விழுந்தால் அடுத்து யார், எந்த இடத்தில் நிற்பான், எந்தக் கொடியைத் தூக்குவான்? இதை முன்னிரவே முடிவு செய்யச் சொல்வதுதான் ஆலோசகனின் வேலை. உங்கள் நாயகன் அதைச் சொல்லி இளவரசன் கேட்கவில்லையா, அல்லது சொல்லவே துணியவில்லையா? இரண்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது. வாளைப் பிடிக்கப் பயப்படாதவன் "நீங்கள் இறந்தால்" என்ற சொல்லைச் சொல்லப் பயப்படுகிறான்.

பிப்ரவரி 18, சற்றுப் பின்

பூதுகனுக்குக் கிடைத்த பரிசு: பனவாசி 12,000, பெள்வொலா 300, புரிகெரெ 300, கிசுகாடு 70, பாகெநாடு 70. எண்கள் அந்தந்த நாட்டுப் பிரிவின் பெயரோடு வழங்குபவை. பூதுகனுக்காகப் போரிட்ட மணலேரன் நிலம் கேட்கவில்லை, காளி என்ற வேட்டைநாயைக் கேட்டான். அந்த நாய் பிறகு ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் இறந்தன. நாய்க்கு எடுத்த நினைவுக்கல்தான் ஆதக்கூர் கல். தக்கோலம் பற்றி எதிர்த்தரப்பு சொன்னது நமக்குக் கிடைப்பது அந்த நாயால்.

பிப்ரவரி 20

*"போர் ஆலோசனைக் காட்சியில் எதை வரிசையாகப் பேசுவார்கள்?"*

குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 48, 49, 50 அடுத்தடுத்து இருப்பதே நிகழ்ச்சிநிரல். வலியில் நான்கு: செய்யப்போகும் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, இருபக்கத் துணைகளின் வலி. கடைசியில்தான் தக்கோலக் கணக்கு தப்பியது. கன்னரதேவனோடு கங்கன் வருவான் என்பது தெரிந்ததுதான். எவ்வளவு முனைப்போடு வருவான் என்பதைத்தான் யாரோ குறைத்து எடைபோட்டிருக்க வேண்டும். நாவலில் அந்த எடையை உங்கள் நாயகன் தலையில் வையுங்கள்.

வசனத்தில் 'சந்தி, விக்கிரகம், ஆசனம், யானம்' (உடன்பாடு, போர், காத்திருப்பு, படையெடுப்பு) என்று பட்டியல் போட்டு ஒப்பிக்க விடாதீர்கள். அரண்மனையில் வளர்ந்தவன் பாடத்தைச் சொல்லமாட்டான். "இப்போது அசையவேண்டாம், அறுவடை உள்ளே வரட்டும்" என்பான்.

பிப்ரவரி 21

8ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். தூதும் படையும் ஒரே ஆள் என்றது உண்மை, ஆனால் எல்லாத் தூதும் அப்படியல்ல. சீனத்துக்கு இராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் போய்ச் சேர்ந்தது. சீனக் குறிப்பின்படி பயணம் 1,150 நாள். காணிக்கையில் முத்து முதலிடம். அது அரசியல் பேசும் தூதைவிட வணிகத்துக்குக் கதவு திறக்கும் தூது. அங்கே வேளிர் குடி வாளுக்கு வேலை இல்லை. 1077இல் போன குழுவில் 72 பேர், அவர்கள் 81,800 சரம் செப்புக்காசு பெற்றுத் திரும்பினார்கள்.

முதல் குழு சேர்ந்தபோது அனுப்பிய இராஜராஜன் உயிரோடு இல்லை, 1014இல் இறந்துவிட்டான். மூன்றாண்டு கடலில் போய், இறந்த அரசனின் சொல்லை உயிருள்ளவன் சொல்லாக அவையில் வைத்திருக்கிறார்கள். அடுத்த நாவலுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 22

அவைக் காட்சியை எப்போதும் கொலுமண்டபத்தில் வைக்கவேண்டாம். 1090இல் கடல்கடந்த கடாரத்து (மலாய்ப் பகுதி) அரசனின் தூதர்கள் ராஜவித்யாதர சாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன் இருவரும் நாகப்பட்டின விகாரத்துக்கான சலுகைகளைச் செப்பேட்டில் எழுதித் தரும்படி விண்ணப்பித்தார்கள். அப்போது முதலாம் குலோத்துங்கன் ஆயிரத்தளி அரண்மனையில் திருமஞ்சன சாலையில், 'காலிங்கராஜன்' என்று பெயரிட்ட பீடத்தில் இருந்தான். குளிக்கும் மண்டபத்திலிருந்து பிறந்த ஆணை அது. ஆவணம் இடத்தை மறைக்கவில்லை, நாவல் மறைக்க வேண்டியதில்லை. தூதன் பெயரிலும் 'சாமந்தன்' இருக்கிறதைக் கவனியுங்கள். கடாரத்திலும் பிரபுதான் தூது வந்திருக்கிறான்.

பிப்ரவரி 24

*"தூதனை அவமதித்தால் போர் என்பது உண்மையா?"*

விக்கிரமசோழன் உலாவில் ஒட்டக்கூத்தர், தூதனுக்காக ஒரே பகலில் பதினெட்டுச் சுரமும் (கடும் காட்டுவழி) கடந்து மலைநாட்டை (சேரநாடு) கொண்டவன் என்று இராஜராஜனைப் பாடுகிறார். பாட்டு நூறாண்டுக்குமேல் பிந்தியது, ஒரே பகல் என்பது புலவர் வாக்கு. தூதனுக்கு நேர்ந்தது அரசனுக்கு நேர்ந்ததாகவே எண்ணினார்கள் என்பதற்கு அது சான்று. நாள்கணக்குக்கு அதை நம்பவேண்டாம். சுரம் கடக்கும் படைக்குத் தண்ணீரும் தீவனமும் முன்னால் போக வேண்டும், யானை இருந்தால் இன்னும் மெதுவாகும்.

பிப்ரவரி 26

முடிவுக்கு வருவோம். தக்கோலத்துக்குப் பின் நாயகனைக் கொல்லாதீர்கள். எடுத்துக்காட்டு கையிலேயே இருக்கிறது.

இராஜாதித்தன் திருமுனைப்பாடியில் பெரும்படையோடு ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தபோது அவனோடு இருந்தவன் மலைநாட்டு நந்திக்கரைப் புத்தூரைச் சேர்ந்த வெள்ளன் குமரன், பெரும்படை நாயகன். பெண்ணையாற்றங்கரையில் 'கிராமம்' என்றே பெயருள்ள ஊரில் 943இல் சிவனுக்குக் கற்றளி (கற்கோயில்) எடுத்தவன். பிறகு கன்னரதேவனின் 20ஆம் ஆட்சியாண்டுத் திருவொற்றியூர்க் கல்வெட்டில் சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவர் வருகிறார். கேரளத்தவர், இராஜாதித்தனின் நெருங்கிய துணைவர், அவனோடு சேர்ந்து களத்தில் இறக்கக் கிடைக்காமல் துறவு பூண்டவர். இருவரும் ஒருவரே என்பது ஆய்வாளர் கருத்து. கல்வெட்டு எந்த அரசனின் ஆண்டில் இருக்கிறது பாருங்கள். தன் தலைவனைக் கொன்ற அரசனின் ஆட்சியாண்டு போட்ட கல்லில் அவர் பெயர் நிற்கிறது. தொண்டைநாடு அப்போது கன்னரதேவன் கையில்.

உங்கள் நாயகனை இவராக ஆக்கவேண்டாம், இவருக்கு எதிரில் நிறுத்துங்கள். ஒருவர் துறவில் போகிறார், மற்றவன் திரும்பிப் போய்த் தோல்விக்குக் கணக்கு எழுதுகிறான். போரில் இறந்தவர்களின் வீட்டாருக்குத் தரும் உதிரப்பட்டி நிலம் யார் யாருக்கு, எத்தனை மா (நில அளவு) என்று ஊர் ஊராகப் பிரித்துக் கொடுப்பவன். தூதும் படையும் போனபின் அவனுக்கு மிஞ்சும் வேலை அது.

மார்ச் 1

*"கடைசிப் பக்கத்தில் அவன் இராஜாதித்தன் பெயரில் நந்தாவிளக்கு வைக்கிறான். எத்தனை ஆடு?"*

ஒரு விளக்குக்கு 96. பசு என்றால் 48, எருமை என்றால் 16. ஆட்டை மன்றாடியிடம் (இடையர்) ஒப்படைப்பார்கள், அவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு (கால் நாழி) நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடு போனாலும் குட்டி அந்த இடத்தை நிரப்பும், எண்ணிக்கை 96 குறையக்கூடாது. அதனால் கல்வெட்டில் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதுவார்கள். அதை எழுதும்போது 'தொண்ணூற்றாறு' என்று எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். 949க்குப் பின் தொண்டைநாட்டுக் கோயிலில் என்றால் மேலே கன்னரதேவன் ஆண்டு வரும், தஞ்சைப் பக்கம் என்றால் மதுரையும் ஈழமும் கொண்ட கோப்பரகேசரியின், அதாவது பராந்தகனின், ஆண்டு. எந்தக் கோயில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மன்றாடியின் பெயரும் கல்லில் வரும், அவருக்கும் தந்தை பெயரோடு ஒரு பெயர் வையுங்கள்.